நீலியின் சபையும் நமது சபையும்

தமிழில் ‘சபை’ என்னும் சொல் ஆளும் பரப்பு பெரிது. இறைவன் ஆடுவதாகச் சைவப் பெருமக்கள் போற்றும் அரங்கு சபை எனப்படுகிறது. ஊர்ப் பெரியோர் கூடி வழக்குக் கேட்கும் இடமும் சபையே. நாடகமும் இசையும் வளர்க்கவென்று நகரங்களில் எழுந்த கழகங்களைச் சபாக்கள் என்கிறோம். சட்டம் இயற்றும் மன்றத்தை நெடுங்காலம் சட்டசபை என்றே எழுதினோம். திருமுழுக்கினால் நாம் உறுப்புகளாகியிருக்கும் இறைமக்கள் குழுவுக்கும் திருச்சபை என்பதே பெயர். இத்தனைக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இவை அனைத்திலும் ஒரே கேள்வியை எழுப்ப இடமிருக்கிறது: இங்கே ஒரு பெண் எழுந்து பேசினால் அவள் சொல் எடுபடுமா?

மாதர் வாக்குரிமை இயக்கம் நாடக மேடையைக் கருவியாகக் கைக்கொண்ட வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது என் எண்ணம் அடிக்கடி திருவாலங்காட்டுக்கே திரும்பியது. கடல்கடந்த நாட்டு நாடகங்களுக்கும் திருத்தணியை அடுத்த இச்சிற்றூருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். அந்நாடகங்கள் எழுப்பிய கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வூர்க் கதையொன்று எழுப்பிவிட்டது என்பது என் கருத்து. கதை தந்த விடையும் நாடகங்கள் தந்த விடையும் வேறு வேறு. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழையனூர் மன்றில் ஒரு வழக்கு

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது திருவாலங்காடு. ஐந்து சபைகளுள் இரத்தின சபை இங்குள்ளது. இதனை அடுத்தது பழையனூர். ‘நீலிக் கண்ணீர்’ என்று நாம் நாள்தோறும் சொல்லும் தொடர் இம்மண்ணில் பிறந்தது. ஞானசம்பந்தரின் தேவாரத்திலேயே குறிப்புப் பெறும் அளவுக்குப் பழமையான அக்கதை பிற்காலத்தில் வில்லுப்பாட்டாகவும் அம்மானையாகவும் மக்களிடையே பரவியது. வழக்குகள் பல, சாரம் இதுதான்.

ஒருவன் தன் மனைவியைக் காட்டு வழியில் வஞ்சகமாகக் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் வணிகனாகிறான், அவள் பேயாகிறாள். வணிகன் பழையனூருக்கு வரும்போது, கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி அவள் பின்தொடர்கிறாள். இவர் என் கணவர், என்னையும் பிள்ளையையும் கைவிட்டுப் போகிறார் என்று வேளாளர் எழுபதின்மர் கூடிய மன்றில் முறையிடுகிறாள். இவள் மனைவியல்லள், என்னைக் கொல்ல வந்த பேய் என்று அவன் அலறுகிறான். குழந்தையை இறக்கிவிடச் சொல்கின்றனர். அது நேரே தந்தையிடம் செல்வதுபோல் அவனிடம் செல்கிறது. மன்றத்தார்க்கு ஐயம் தீர்ந்தது. உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று அவனுக்கு வாக்களித்து, அவன் காப்பாக வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரே இடத்தில் தங்கச் செய்கின்றனர். பொழுது விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீப்புகுந்தனர்.

இக்கதையை நம் முன்னோர் இரு பாடங்களுக்காகச் சொல்லி வந்தனர். வாய்மைக்காக உயிர்விட்ட சான்றோரின் பெருமை ஒன்று. பெண்ணின் கண்ணீரை நம்பலாகாது என்னும் எச்சரிக்கை மற்றொன்று. முதற்பாடத்தை வணங்குகிறேன். சொல்லுக்காக எழுபது உயிர் போன கதையை உடைய ஊர் தலைநிமிர்ந்து நிற்கலாம். இரண்டாம் பாடத்தைத்தான் மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது.

அம்மன்றம் எதை விசாரித்தது என்று பாருங்கள். இவள் இவனுக்கு மனைவியா, பிள்ளை இவனுடையதா என்னும் இரண்டை மட்டுமே விசாரித்தது. இவன் ஏன் இவ்வளவு அஞ்சுகிறான் என்று எவரும் கேட்கவில்லை. உனக்கு இவன் என்ன தீங்கு செய்தான் என்று அவளையும் எவரும் கேட்கவில்லை. நீலியிடம் ஓர் உண்மை இருந்தது: இவன் என்னைக் கொன்றான். அதை எடுத்துரைக்க அம்மன்றில் வழியில்லை. ஆகவே, மன்றம் காதுகொடுத்துக் கேட்கக்கூடிய ஒரு பொய்யை அவள் தேர்ந்துகொண்டாள்: நான் இவன் மனைவி. அதற்குச் சான்றாகக் கள்ளிக் கொம்பையும் பிள்ளையாக்கினாள். பெண்ணின் சொல்லை நம்பியதால் அந்தச் சபை அழிந்தது என்பது பொதுவழக்கு. கதையைக் கூர்ந்து படித்தால் வேறொன்று புலப்படுகிறது. சபை நம்பியது மனைவி என்னும் உறவுமுறையை, அவளை அன்று. ஒரு பெண் தன் பெயரால் எழுந்து தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் வாய்ப்பு அங்கே இருந்திருக்குமானால் கள்ளிக் கொம்புக்கு வேலை இருந்திராது. வணிகனும் எழுபதின்மரும் பிழைத்திருக்கவும் கூடும்.

இந்த நீலியின் கதைக்கு இலக்கியத்தில் வியப்பான ஒரு மறுவாழ்வும் உண்டு. ‘நீலகேசி’ என்னும் சமண நூல், பேயாகிய நீலி முனிவர் ஒருவரால் மனம் திருந்திச் சமயவாதியாக மாறுவதைப் பாடுகிறது. அவள் ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதியர் முதலியோரை வாதில் வெல்கிறாள். அந்நூலின் சமயக் கொள்கைகளை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதன் ஆசிரியர் செய்த மாற்றம் கருதத்தக்கது. மன்றில் பொய்க் குழந்தையோடு நின்றவளின் கையில் அவர் தருக்கத்தைக் கொடுத்தார். அதன்பின் அவள் எவரையும் கொல்லவில்லை.

இத்திருவாலங்காட்டுக்கே உரிய மற்றொரு பெண்ணையும் இங்கு நினைக்க வேண்டும். காரைக்காலிற் பிறந்த புனிதவதியாரைக் கணவன் தெய்வமென்று அஞ்சிப் பிரிந்தான், வேறொருத்தியை மணந்தான், ஒருநாள் உறவினர் சூழ அவர் காலில் விழுந்தான். அந்நாளில் அவர் கணவனுக்காகத் தாங்கிய உடலழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்று சேக்கிழார் பாடுகிறார். இறைவனால் அம்மை என்று அழைக்கப்பட்டு, இரத்தின சபை விளங்கும் இவ்வாலங்காட்டில் அவர் பாடிய பதிகங்கள் பதினொன்றாம் திருமுறையில் இடம்பெற்றன. ஒரே ஊரில் இரண்டு பேய்மகளிர். மனைவி என்னும் பெயரைப் பொய்யாகப் புனைந்தவள் சபையை அழித்தாள். அப்பெயர் தன்னைவிட்டு நீங்கிய பின் வாய்திறந்தவர் சபைக்குப் பாட்டுத் தந்தார்.

லண்டன் மேடையில் இரண்டு நாடகங்கள்

இனிக் கடல்கடந்து செல்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியபோது அவர்களுக்கு மறுமொழியாகச் சொல்லப்பட்டது ஏறத்தாழப் பழையனூர் மன்றத்தின் நிலைப்பாடேயாகும். பெண்ணுக்குத் தந்தை உண்டு, கணவன் உண்டு, உடன்பிறந்தான் உண்டு. அவர்கள் வாக்கே அவள் வாக்கு என்றனர்.

1907-இல் லண்டன் கோர்ட் அரங்கில் ‘பெண்களுக்கு வாக்குரிமை’ என்னும் நாடகம் மேடையேறியது. எழுதியவர் எலிசபெத் ராபின்ஸ். அமெரிக்காவிற் பிறந்தவர், இப்சனின் நாடகங்களில் நடித்துப் புகழ்பெற்ற நடிகை. இந்நாடகத்தின் இரண்டாம் அங்கம் டிரபால்கர் சதுக்கத்தில் நடைபெறும் பொதுக்கூட்டம். மேடையே கூட்டமேடையாகிறது. கூட்டத்தார் இடைமறித்துக் கேலி பேசுகின்றனர். வீடா லெவரிங் என்னும் பெண் பேசுகிறாள். கைவிடப்பட்ட ஓர் ஏழைப் பணிப்பெண்ணின் சிசு இறந்த வழக்கை அவள் எடுத்துரைக்கிறாள். நீதிபதி ஆண், நடுவர் குழுவினர் ஆண்கள், சட்டமியற்றியவர்களும் ஆண்கள். அக்குழந்தைக்குத் தந்தையான ஆண்மகன் மட்டும் குற்றவாளிக் கூண்டில் இல்லை என்கிறாள். அக்கூட்டத்தின் நடுவே ஸ்டோனர் என்னும் அரசியல்வாதி நிற்கிறான். முன்னொரு காலத்தில் வீடாவைக் காதலித்துக் கைவிட்டவன் அவன். அவளுக்கும் ஒரு குழந்தை பிறவாமலே போயிற்று. அவன் மணக்கவிருக்கும் இளம்பெண் பக்கத்தில் நின்று இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீலி கதையை அறிந்த எவரும் இக்காட்சியைப் படித்துத் திடுக்கிடாமல் இருத்தல் அரிது. தீங்கிழைக்கப்பட்ட பெண், தீங்கிழைத்த ஆண், கூடியிருக்கும் மன்று, இல்லாத ஒரு குழந்தை என்று எல்லாமே இங்கும் உள்ளன. ஆனால் வீடா பொய்க் குழந்தையை ஏந்தி வரவில்லை. இழந்த குழந்தையின் துயரோடு வருகிறாள். அவனுடைய மனைவி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இறுதியில் அவள் அவனிடம் கேட்பது அவன் உயிரையும் அன்று, திருமணத்தையும் அன்று. பெண்களின் வாக்குரிமைக்கு நாடாளுமன்றத்தில் அவன் துணைநிற்க வேண்டும் என்பதையே கேட்கிறாள். அவனும் இணங்குகிறான். நாடகக் கலை என்னும் நோக்கில் இம்முடிவில் ஒரு குறை உண்டு. தன் பழங்கதையை ஓர் அரசியல் நெருக்குதலாக வீடா பயன்படுத்துகிறாள் என்னும் உறுத்தல் நமக்குத் தோன்றாமலில்லை. கருவிலேயே போன உயிரைப் பற்றி ஒரு குருவின் மனம் இன்னும் நெடிது நிற்க விரும்புகிறது. நாடகம் விரைந்து கடந்துவிடுகிறது. ஆயினும் கைவிடப்பட்ட பெண்ணைப் பேயாகக் காட்டாமல் சாட்சியாகக் காட்டிய காட்சி அது. அதன் வலிமை அங்கேதான் உள்ளது.

மறு ஆண்டு, 1908-இல், நடிகையர் வாக்குரிமைக் கழகம் லண்டனில் தோன்றியது. சிறு நாடகங்களை எழுதுவித்து அரங்குகளிலும் பொதுக்கூட்டங்களிலும் நடத்தியது. 1909-இல் சிசிலி ஹாமில்டனும் கிறிஸ்டோபர் செயின்ட் ஜான் என்னும் புனைபெயர் கொண்ட பெண்மணியும் சேர்ந்து எழுதிய ‘வாக்குரிமை வென்ற விதம்’ இவ்வகை நாடகங்களில் பெரும்புகழ் பெற்றது. செயின்ட் ஜான் பின்னாளில் கத்தோலிக்க மறையைத் தழுவியவர் என்பது நம் வாசகர்க்கு உவப்பான செய்தியாக இருக்கும்.

அந்நாடகத்தின் கதை எளியது. பெண்களை ஆண்கள் பேணுகிறார்கள், எனவே அவர்களுக்கு வாக்கு வேண்டியதில்லை என்று அரசு சொல்லிவிடுகிறது. நன்று, அப்படியே ஆகட்டும் என்று பெண்கள் தம் வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு, அவரவர்க்கு மிக நெருங்கிய ஆண் உறவினர் வீட்டுக்குச் சென்று, எங்களைப் பேணுங்கள் என்று அமர்ந்துவிடுகின்றனர். ஹோரஸ் கோல் என்னும் எளிய எழுத்தர் வீட்டில் தங்கையும் அத்தையும் ஒன்றுவிட்ட உறவினரும் ஒருவர்பின் ஒருவராக வந்து இறங்குகின்றனர். மாலைக்குள் அவர், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று முழங்கிக்கொண்டு நாடாளுமன்றத்தை நோக்கி ஓடுகிறார். இந்த மனமாற்றம் மிக எளிதில் வந்துவிடுகிறது என்று குறை சொல்லலாம். கேலி நாடகத்தில் அது பொறுக்கத்தக்கதே. அதன் கூர்மை வேறிடத்தில் உள்ளது. பெண்ணை உறவுமுறையால் மட்டுமே அறியும் சமுதாயத்தின் சொல்லை அப்படியே ஏற்று, அதன் முழுக்கணக்கையும் அதனிடமே செலுத்தக் கேட்கிறது அது. பழையனூர் மன்றத்தை ஹாமில்டன் சிரிப்பால் வென்றார் எனலாம்.

அதே ஆண்டில் ஹாமில்டன் எழுதி, எடித் கிரேக் இயக்கிய ‘மாதர் மாண்பின் அணிவகுப்பு’ என்னும் காட்சிநாடகத்தில் உலகப் பெண்மணியர் ஒருவர்பின் ஒருவராக மேடையில் தோன்றினர். புனித ஜோன் ஆஃப் ஆர்க் அவ்வரிசையில் ஒருவர். அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்படவில்லை. 1920-இல்தான் திருச்சபை வழங்கியது. திருச்சபை நீதிமன்றம் ஒன்றால் நம்பப்படாமல் எரிக்கப்பட்ட அப்பெண்ணை வாக்குரிமை இயக்கத்தார் தம் காவலராகவே கருதினர். 1911-இல் லண்டனில் தோன்றிய கத்தோலிக்க மாதர் வாக்குரிமைச் சங்கம் பின்னர் அவர் பெயரையே சூடிக்கொண்டது. இங்கிலாந்தில் 1918-இல் முப்பது வயது கடந்த பெண்களில் ஒரு பகுதியினர்க்கும், 1928-இல் ஆண்களுக்குச் சமமாக அனைவர்க்கும் வாக்குரிமை கிட்டியது. நாடகங்களாலேயே இது நேர்ந்தது என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு பெண் கூட்டத்தின் முன் நின்று பேசுவதையும், கூட்டம் அதை இறுதிவரை கேட்பதையும் கண்ணாரக் காணும் பழக்கத்தை மக்களுக்கு மேடை தந்தது.

சென்னை மாகாணத்தில்

அவ்வியக்கத்தின் ஒரு சுடர் நம் பக்கத்தில் வந்து விழுந்தது. அயர்லாந்தில் 1908-இல் மாதர் வாக்குரிமைக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவரும் அதற்காகச் சிறை சென்றவருமான மார்கரெட் கசின்ஸ் 1915-இல் கணவரோடு இந்தியாவுக்கு வந்து, பின்னர் மதனப்பள்ளியை அடைந்தார். மதனப்பள்ளியும் திருத்தணியும் அந்நாளில் ஒரே சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. திருத்தணி 1960-இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் மாதர் தூதுக்குழு ஒன்று சென்னையில் மாண்டேகுவைக் கண்டு வாக்குரிமை கேட்டது. 1921-இல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதுவே முதல். சொத்துத் தகுதி இருந்தமையால் மிகச் சிலரே அதனால் பயன் பெற்றனர்.

லண்டனைப் போல இங்கே வாக்குரிமை இயக்கம் நாடக மேடையின் கையைப் பற்றிக்கொள்ளவில்லை. மனுக்களும் கூட்டங்களும் ‘ஸ்திரீ தர்மம்’ என்னும் இதழுமே அதன் கருவிகள். காரணம் வெளிப்படை. அந்நாளில் குலமகளிர் மேடையேறுவது இழிவென்று கருதப்பட்டது. சென்னையின் சுகுணவிலாச சபையில் பெண் வேடங்களையும் ஆடவரே புனைந்தனர். கூத்திலும் அவ்வாறே, மன்றின் நடுவே நீதி கேட்கும் திரௌபதியாக நின்றவர் ஆண். பெண்களே நடித்த கும்பகோணம் பாலாமணி அம்மாளின் குழுவைக் காண மக்கள் திரண்டனர். ஆனால் அப்பெண்களை மதித்துத் தம் வீட்டுக் கூடத்தில் அமரவைத்தவர் எத்தனை பேர்? மேடையில் பேசத் தெரிந்த பெண்ணுக்கு மதிப்பில்லை. மதிப்புள்ள பெண்ணுக்கு மேடையில்லை. இப்பிளவு நம் வாக்குரிமை இயக்கத்துக்கு நேர்ந்த இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

இப்பிளவைத் தாண்டியவர்களுள் கமலாதேவி சட்டோபாத்யாய தலையாயவர். இளமையிலேயே கணவனை இழந்து, மறுமணம் புரிந்து, நாடகாசிரியரும் நடிகருமான கணவர் ஹரீந்திரநாத்தோடு மேடையேறி நடித்தவர். 1926-இல் பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்று விதி தளர்ந்தபோது, மார்கரெட் கசின்சின் ஊக்கத்தால் தென் கன்னடத்திலிருந்து சென்னைச் சட்டசபைக்குப் போட்டியிட்டார். மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். மறு ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சபை புகுந்து துணைத்தலைவரானார். தோல்வியுற்ற கமலாதேவியின் பெயரை நாடகக் கலையின் வரலாறும் அரசியல் வரலாறும் ஒருங்கே பாதுகாக்கின்றன.

மற்றொருவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். அவர் எஸ். ஜி. கிட்டப்பாவோடு நடித்துப் புகழ்பெற்ற நாடகங்களுள் ஒன்று ‘வள்ளி திருமணம்’. வள்ளியை முருகன் மணந்த தலமாகத் திருத்தணியைப் போற்றும் இப்பகுதி மக்களுக்கு அந்நாடகத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தினைப்புனத்தில் நிற்கும் வள்ளி, நாரதரோடும் வேடனாக வந்த வேலனோடும் வாதாடுவாள். அந்தத் தர்க்கத்தில் பெரும்பகுதி எழுதிவைத்ததன்று; நடிகரின் சமயோசிதத்தால் மேடையிலேயே பிறப்பது. ஆயிரக்கணக்கானோர் நடுவே ஒரு பெண் ஆணோடு சொல்லுக்குச் சொல் நின்று வெல்வதை நம் பாட்டன்மார் விடியவிடிய அமர்ந்து சுவைத்தனர். வள்ளியாக இருக்கும்வரை அவள் சொல் செல்லும். அரிதாரத்தைக் கலைத்த பின் அதே சொல்லுக்கு ஊர்ச்சபையில் இடமில்லை. 1933-இல் கணவரை இழந்தபின் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை அணிந்து, ஆடவரோடு இணைந்து நடிப்பதைத் துறந்தார். தேசிய இயக்கத்துக்காக மேடைகளில் பாடினார். 1958-இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். நாடக, திரைக் கலையுலகிலிருந்து சட்டமன்றம் சென்ற முதற்பெண் அவரே. 1973-இல் வெளிவந்த ‘காரைக்கால் அம்மையார்’ திரைப்படத்தில் முதிய அம்மையாராகத் தோன்றியவரும் அவரே. திருவாலங்காட்டுக்கு வந்த அம்மையின் வேடம், சட்டசபைப் படியேறிய ஒரு நடிகைக்கு வாய்த்ததில் ஒரு பொருத்தம் இருக்கவே செய்கிறது.

பெயரில்லாத வாக்காளர்

விடுதலைக்குப்பின் அரசமைப்புச் சட்டம் வயது வந்த அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. அதற்கு முன் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களில் பலருக்கு, தகுதியுள்ள ஓர் ஆணின் மனைவி என்னும் காரணத்தாலேயே வாக்களிக்கும் உரிமை தந்திருந்தது. பழக்கம் எளிதில் போகுமா? முதற் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வடமாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பெருந்தொகையினர் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்துகொண்டனர். பெயரில்லாத பதிவு செல்லாது என்று ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். பழையனூர் மன்றில் மனைவி என்று சொன்னவளின் சொல் ஏறியது. இங்கே மனைவி என்று மட்டும் சொன்னவளின் வாக்கு விழுந்துபோயிற்று. இரண்டு இடத்திலும் அவளுக்குப் பெயர் இல்லாமையே குறை.

இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் சரிபாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. 2023-இல் நாடாளுமன்றம், சட்டமன்றங்களுக்கும் மூன்றிலொரு பங்கு ஒதுக்க அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. ஆயினும் ஊராட்சித் தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் கணவர் அமர்ந்து பேச, தலைவி கையொப்பம் மட்டும் இடும் காட்சியைக் காணாத ஊர் குறைவு. வாக்கு வந்துவிட்டது, வாய் இன்னும் வரவில்லை. இங்கேதான் நாடகத்தின் பணி முடியவில்லை என்கிறேன். சட்டம் ஒரு பெண்ணை நாற்காலியில் அமர்த்தலாம். அவள் பேசும்போது மற்றவர் வாய்மூடிக் கேட்கும் பழக்கத்தைச் சட்டத்தால் உண்டாக்க இயலாது. அதனைப் பயிற்றும் பள்ளிகளுள் நாடக மேடையும் ஒன்று.

நமது சபை

பிறரைப் பற்றி இவ்வளவு சொன்னபின் நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லூக்கா நற்செய்தியின் இருபத்து நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வெறுமையான கல்லறையைக் கண்டு திரும்பிய பெண்கள் திருத்தூதரிடம் செய்தி சொல்கின்றனர். மகதலா மரியா, யோவன்னா, யாக்கோபின் தாய் மரியா என்று நற்செய்தியாளர் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். திருத்தூதர்களோ அதைப் பிதற்றலாக எண்ணி நம்பவில்லை என்பதையும் மறையாமல் எழுதுகிறார். நம் திருச்சபையின் முதற் செய்தி, பெண்கள் வாயிலாக வந்து, சபையின் தலைவர்களால் நம்பப்படாத செய்தி. விவிலியம் இதை ஒளிக்கவில்லை.

நான் ஒளித்திருக்கிறேன். குருவாகி ஓராண்டே கழிந்திருந்த நாளில், ஒரு பங்கில் பாஸ்கா நாடகத்தைத் தொகுத்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. பாடுகளின் காட்சிகள் நீண்டுவிட்டன; நேரம் போதவில்லை. பெண்கள் திருத்தூதரிடம் வந்து சொல்லும் காட்சியை நீக்கிவிட்டு, கல்லறையிலிருந்து நேரே பேதுருவும் யோவானும் ஓடும் காட்சிக்குச் சென்றேன். ஒத்திகையில் மகதலா மரியாவாக நடித்த பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சாமி, கல்லறையிலிருந்து அழுதுகிட்டே ஓடுறேன். ஓடிப்போய் யார்கிட்ட சொல்றேன்?” நேரமில்லை அம்மா என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நாடகம் நன்றாக நடந்ததென்று எல்லாரும் பாராட்டினர். அக்கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. பிதற்றல் என்று ஒதுக்கிய திருத்தூதராவது அவர்கள் பேசும்வரை கேட்டார்கள். நான் பேசவே விடவில்லை.

திருச்சபை இதில் நடந்துவந்த வழி சிறிதன்று. 1963-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் அமைதிச் சுற்றுமடலில், பொதுவாழ்வில் பெண்கள் பங்குகொள்வதைக் காலத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சுட்டினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் பால் அடிப்படையிலான வேறுபாட்டை இறைத்திட்டத்துக்கு முரணானதென்று ஒதுக்கியது. மகதலா மரியாவைத் திருத்தூதர்களின் திருத்தூதர் என்று போற்றும் தொன்மரபை இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் நினைவூட்டினார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நினைவுநாளை விழாவாக உயர்த்தினார். 2023 அக்டோபரில் கூடிய ஆயர் மாமன்றத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் முதன்முறையாக வாக்களிக்கும் உரிமையோடு அமர்ந்தனர். திருப்பட்டம் பற்றிய கேள்வியை நான் இங்கே எழுப்பவில்லை. பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு விதவைத் தாய் எழுந்து, கணக்கில் இந்தத் தொகை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் அவர் சொல்லி முடிக்கும்வரை நாம் பொறுக்கிறோமா என்பதைத்தான் கேட்கிறேன். தன் வீட்டில் அடிபடுவதைச் சொல்ல ஒரு பெண் அன்பியக் கூட்டத்தில் வாய்திறந்தால், நீலிக் கண்ணீர் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்பவர் நம்முள் எத்தனை பேர்?

சென்ற பாஸ்காவில் அக்காட்சியை மீண்டும் சேர்த்தோம். எங்கள் பங்கின் பெண்கள் மூவர் அதை நடித்தனர். வசனத்தை நான் எழுதித் தரவில்லை. நற்செய்தியைப் படித்து அவர்களே பேசிப் பழகினர். மூவரும் மூச்சிரைக்க ஓடிவந்து செய்தி சொல்ல, திருத்தூதர் வேடம் புனைந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். அவ்விடத்தில் மக்களும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆண்கள் பக்கத்தில் சிலர் சிரித்தனர். பெண்கள் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மகதலா மரியாவாக நின்ற பெண், சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, முன்னிலும் மெல்லிய குரலில் மீண்டும் ஒருமுறை அச்செய்தியைச் சொன்னார். அது ஒத்திகையில் இல்லாதது. அப்போது இருபக்கமும் அமைதியாயிற்று.